ரைஸ்மில்காரர் பெயரை என்ன செய்வது?

பிழை திருத்துவது என் தொழில். கேட்டால் கொஞ்சம் செம்மையும் செய்து தருவேன். போன வருடம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம், 340 பக்கம், சொந்தச் செலவில் 300 பிரதி போடுவதாக ஏற்பாடு. ஐந்தாவது அத்தியாயத்தில் ஊர் ரைஸ்மில்காரர் வருகிறார். 1970களின் தொடக்கத்தில் அவர்தான் பஞ்சாயத்துத் தலைவர். ஊருணியைத் தூர்வாரியதாகக் கணக்கு எழுதிவிட்டு, அந்தப் பணத்தில் மில்லுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்திலேயே, தான் டிரெயினிங் ஸ்கூலில் சேரப் பணம் கொடுத்ததும் அதே மனிதர்தான் என்கிறார். மில்காரர் இறந்து 20 வருடம் ஆகிறது. மகன் அதே ஊரில் அதே மில்லை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

“பேரைப் போடலாமா தம்பி, மாத்திடலாமா?” என்று கேட்டார்.

தன் கதை எழுதுகிற எல்லாரும் கேட்பது இதைத்தான். போடுவது, மாற்றுவது என்று இரண்டே வழி இருப்பதாக நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். உண்மையில் அரை டஜன் வழியாவது இருக்கிறது. எல்லாவற்றையும் அந்த ஒரு மில்காரரின் மேல் போட்டுப் பார்த்தோம். நான் வக்கீல் இல்லை. வம்புள்ள பக்கத்தை அச்சுக்குப் போகுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுவதற்கு ஆகிற செலவு, அட்டைப்படத்துக்கு ஆகிற செலவை விடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில் எல்லாரும் ஓடுவது பெயர் மாற்றத்துக்கு. கணினியில் ஒரு நொடி வேலை. வேறொரு புத்தகத்தில் ‘மணி’ என்பவரை ‘ரவி’ ஆக்கச் சொன்னார்கள். தேடி மாற்று என்று ஒரே தட்டாகத் தட்டினேன். அச்சுக்குப் போகிற அன்று காலையில் பார்த்தால், ஆள் “அதிகாலை நாலு ரவிக்கு” எழுந்து, கோயில் ரவி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே, ரவிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, பிடித்துவிட்டேன்.

அது சின்னப் பிழை. பெரிய பிழை எதுவென்றால், பெயர் மாறியும் ஆள் மாறாமல் இருப்பது. தலைமையாசிரியரிடம் மில்காரருக்கு வேறு பெயர் வைக்கச் சொன்னேன். வைத்தார். ஆனால் “ஊரிலேயே முதன்முதலாகப் புல்லட் வாங்கியவர்” என்ற வரி அப்படியே இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினாலும் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்.

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதில்லை. அகப்பாட்டில் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் வைத்த விதி. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.’ புறத்துக்கு அந்தத் தடை கிடையாது. நெடுநல்வாடையைப் பாருங்கள். அரண்மனையில் பிரிந்திருக்கிற தலைவி, பாசறையில் தூங்காமல் உலவுகிற தலைவன். இருவருக்கும் பெயரே இல்லை. ஆனால் பாசறைக் காட்சியில் ‘வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்’ என்று ஒரு வேல் வருகிறது. தலையில் வேம்பு கட்டிய வேல். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு சொல்லால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, அதனால் இது அகம் ஆகாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

மில்காரரின் புல்லட்தான் அந்த வேம்பு.

இன்றைய அவதூறுச் சட்டமும் நச்சினார்க்கினியர் கட்சிதான். பெயர் அச்சாகியிருக்கிறதா என்று கோர்ட் பார்ப்பதில்லை. அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் படித்தால் அவர்தான் என்று புரிந்துகொள்வார்களா என்றுதான் பார்க்கும். 1934-ல் லண்டனில் முடிந்த ஒரு வழக்கு இதற்குப் பேர்போனது. ரஸ்புதினைப் பற்றி எம்.ஜி.எம். எடுத்த படத்தில் நடாஷா என்று ஓர் இளவரசி வருகிறாள், ரஸ்புதினிடம் கற்பிழப்பதாகக் காட்சி. அது நான்தான் என்று வழக்குப் போட்டார் ரஷ்ய அரச குடும்பத்தின் இரினா யூசுபோவ். பெயர் வேறு என்று கம்பெனி சொன்னது எடுபடவில்லை. அவருக்கு 25,000 பவுண்டு கிடைத்தது. ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று படத்துக்குப் படம் போடுகிறார்களே, அந்த வழக்கம் பரவியது இதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் பெயர் மாற்றத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கிராமத்தில் ஒருவரின் பள்ளிக்கூடப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. பட்டப்பெயரும் வீட்டுப்பெயரும்தான் தெரியும். பள்ளிக்கூடப் பெயரை மாற்றிவிட்டுப் பட்டப்பெயரை விட்டுவைத்தால் எதையும் மாற்றவில்லை என்றே அர்த்தம். மாற்றுகிற பெயரும் சும்மா வராது, மதம், வட்டாரம், சாதி, தலைமுறை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். 1940-ல் பிறந்த காளிமுத்துவை சுரேஷ் ஆக்கினால் படிக்கிறவர் நம்ப மாட்டார். கருப்பையா ஆக்கினால், அதே ஊரில் நிஜமாகவே ஒரு கருப்பையா இருப்பார். இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை 1908-ல் கேலியாக எழுதிய கட்டுரையில் ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்று கற்பனையாக ஒரு பெயரைப் போட்டு, மனைவியல்லாத பெண்ணோடு பிரான்சில் சுற்றுகிறான் என்றது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு வக்கீல் இருந்தார். வழக்குப் போட்டு 1,750 பவுண்டு வாங்கினார், மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. ஆகவே, புதுப் பெயர் வைத்தால் அந்தப் பெயரில் ஊரில் ஆள் உண்டா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். வாக்காளர் பட்டியலை ஒரு புரட்டுப் புரட்டினால் போதும்.

சரி, நிஜப் பெயரையே போட்டுவிட்டால்?

முதலில் தண்டனைப் பக்கம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகிவிட்டன, 2024 ஜூலை 1 முதல் நடைமுறை. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை. எழுதியவர் மட்டுமல்ல, தெரிந்தே அச்சிட்டவரும் விற்றவரும்கூட அதே பிரிவுக்குள் வருகிறார்கள். அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. “நான் எழுதியது உண்மைதானே” என்பதுதான் எல்லாருடைய முதல் பதில். சிவில் வழக்கில் உண்மை முழுக் கவசம். குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். பஞ்சாயத்துப் பணம் பொதுநலன். மில்காரர் ராத்திரி எங்கே போனார் என்பது அல்ல. தவிர, 50 வருடத்துக்கு முந்தைய ஊருணிக் கணக்கு உண்மை என்று நிரூபிப்பது யார்? எழுதியவர்தான். தலைமையாசிரியரிடம் இருந்தது அவருடைய அப்பா சொன்ன சொல் மட்டும்.

இதில் எனக்குப் பிடித்த தீர்ப்பு நம் மண்ணிலிருந்தே போனது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டு கிளைச்சிறையில் இருந்தபடி தன் கதையை 300 பக்கத்துக்கு எழுதினார். தன்னோடு தொடர்பு வைத்திருந்த அதிகாரிகளைப் பற்றியும் அதில் இருந்தது. 1994-ல் நக்கீரன் அதைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்ததும், அது பொய்யானது, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. பத்திரிகை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994 அக்டோபர் 7-ல் வந்த தீர்ப்பு, அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது, அவதூறு என்றால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்றது.

அந்தத் தீர்ப்பின் மறுபாதியை எழுத்தாளர்கள் அவ்வளவாகப் படிப்பதில்லை. ஒருவருடைய குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் யாரும் எழுத முடியாது, உண்மையாக இருந்தாலும் சரி, புகழ்ச்சியாக இருந்தாலும் சரி என்கிறது அதே தீர்ப்பு. கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளதை எழுதலாம். பதவியில் இருப்பவர் அந்தப் பதவியில் செய்ததை எழுதலாம், அதில் சின்னத் தவறு நேர்ந்திருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியிருந்தால் ஒழிய, தப்பிக்க இடம் உண்டு. ஆக, மில்காரர் இரண்டு ஆளாகப் பிரிகிறார். பஞ்சாயத்துத் தலைவர் மில்காரரைப் பெயரோடு எழுத இடமிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிற மில்காரரை எழுத இடமில்லை. ஒரே மனிதரின் பெயரை ஒரு பக்கத்தில் போட்டு, இன்னொரு பக்கத்தில் அந்த மனிதரையே வராமல் விடுவது என்று ஒரு வழி இருப்பதே தலைமையாசிரியருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

“அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே, செத்தவரு வந்தா கேஸ் போடப்போறாரு?” என்று சிலர் சிரிப்பார்கள். செத்தவர் போட மாட்டார். ஆனால் 356-ன் விளக்கத்திலேயே இருக்கிறது: இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் பெயர் கெடும்படியான ஒன்றை, குடும்பத்தார் மனம் நோக வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினால் அதுவும் அவதூறுதான். அந்தரங்க உரிமை வேறு கதை. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுத்த படத்துக்குத் தடை கேட்டு அவருடைய அண்ணன் மகள் போனபோது, ஒருவரின் அந்தரங்கமும் புகழும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்குச் சொத்துபோல இறங்காது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஜெயலலிதா உயிரோடு இருந்தபோது, தன்னைப் பற்றி வாஸந்தி எழுதிய ஆங்கில வாழ்க்கை வரலாறு வெளிவராமல் 2011-ல் தடை வாங்கியிருந்தார். தடைபட்ட அந்தப் புத்தகம் ஜெயலலிதா உயிரோடு இருந்தவரை வெளிவரவில்லை.

அப்படியானால் காத்திருப்பதும் ஒரு வழிதான். குஷ்வந்த் சிங் விரும்பாமலே காத்திருந்தார். அவருடைய சுயசரிதையின் ஒரு பகுதி 1995-ல் பத்திரிகையில் வந்ததும் மேனகா காந்தி தடை வாங்கினார். டெல்லி உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது 2001-ல், புத்தகம் வந்தது 2002-ல். வழக்கில் ஜெயித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தடை வந்தபோது அவருக்கு வயது 80. தலைமையாசிரியருக்கு இப்போது 74. அவர் மனைவிக்குக் கண் மங்கிவருகிறது, அந்த அம்மாள் படித்துப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் புத்தகத்தையே போடுகிறார். அதனால் காத்திருக்கும் யோசனையை ஒரு நிமிடத்துக்கு மேல் பேசவில்லை.

‘நாவல்’ என்று அட்டையில் போட்டுவிடலாம் என்றார் அச்சகக்காரர். தமிழில் ரொம்பப் பேர் ஒளிகிற இடம் இது. எனக்கு இதில் மரியாதை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி மேலே நாவல் என்று ஒட்டினால் இரண்டு பக்கமும் நஷ்டம். வழக்கு வந்தால் அந்தச் சொல் காப்பாற்றாது, வராவிட்டாலும் 340 பக்க உண்மை வெறும் கதையாகிவிடும். நிஜமான நாவலுக்கே நிஜப் பெயர் என்ன பாடு படுத்தும் என்பதைப் பெருமாள்முருகன் விஷயத்தில் பார்த்தோம். ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்தது, அதில் திருச்செங்கோடு என்று ஊர்ப்பெயர் நேராக இருந்தது. கிளர்ச்சி வெடித்து, 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே எழுதிவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அவர் செய்ததில் தவறே இல்லை. நடுவில் போன ஒன்றரை வருடத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

நாலைந்து பேரைப் பிசைந்து ஒரே ஆளாக்குவதை மனநல மருத்துவர்களும் வக்கீல்களும் செய்வார்கள், முன்னுரையில் சொல்லிவிட்டுச் செய்தால் அவர்களுக்கு அது பொருந்தும். ஊர் வரலாற்றுக்குப் பொருந்தாது. முதலெழுத்து மட்டும் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ‘கே.எம்.’ என்றால் நம் ஊரில் அதுவே முழுப்பெயர்.

இந்த வழிகள் எதிலுமே சேராத ஓர் இடம் உண்டு, அங்கே தேர்வுக்கே இடமில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது சன்ஹிதாவின் 72-வது பிரிவில் குற்றம். ஆள் இறந்துவிட்டாலும் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கில் சிக்கிய குழந்தைகள், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் விஷயத்திலும் அப்படித்தான். 2012-ல் டெல்லியில் நடந்ததை எழுதப் பத்திரிகைகளுக்கு நிர்பயா என்றொரு பெயர் தேவைப்பட்டது இதனால்தான். தலைமையாசிரியர் தன் பழைய மாணவி ஒருத்தியைப் பற்றி அனுதாபத்தோடு, பெயர், வகுப்பு, வருடம் எல்லாம் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நல்ல எழுத்து. இரண்டு பக்கமும் போயிற்று. அன்று முழுவதும் என்னோடு அவர் பேசவில்லை.

இலங்கைத் தமிழர்கள் தங்கள் நினைவுகளை என்னிடம் அனுப்பும்போது கணக்கு வேறு மாதிரி. அங்கே குற்றவியல் அவதூறை 2002-லேயே எடுத்துவிட்டார்கள், சிவில் வழக்குத்தான் மிச்சம். ஆனால் யார் எந்த இயக்கத்துக்குச் சோறு போட்டார், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்று எழுதும்போது கோர்ட்டைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? உயிரோடு அங்கேயே இருப்பவரின் பெயரை நான் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவேன். டொரண்டோவில் இருந்து எழுதுகிறவர்கள் இதற்குச் சண்டை போடுவார்கள். போடட்டும்.

மிஞ்சியது சம்மதம் கேட்பது. ஒருவருக்கும் பிடிக்காத வழி இது. கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு அச்சிட்டால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாதே? நியாயமான பயம்தான். ஆனாலும் நான் பார்த்தவரை, மனிதர்கள் கோபப்படுவது எழுதியதற்காக இருப்பதை விட, அச்சான பிறகு மூன்றாம் மனிதர் வாயால் கேள்விப்பட்டதற்காகத்தான் அதிகம் இருக்கிறது. கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தன்னைப் பற்றி இல்லாத பக்கத்தையும் திருத்துவார்கள். அவர்கள் வருகிற பக்கத்தை மட்டும் கொண்டுபோய் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். உண்மைப் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன், அபிப்பிராயம் என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒத்துக்கொண்டால் அந்தத் தாளிலேயே தேதி போட்டு ஒரு கையெழுத்து. ஊரறிந்த நட்சத்திரம் என்றால் இந்தக் கதை உதவாது. தன் பெயரைப் படத்தலைப்பில் போடக் கூடாது என்று ரஜினிகாந்த் 2015-ல் தடை வாங்கினார், அங்கே பெயரே வியாபாரம். மில்காரர் மகனிடம் வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு டீயாவது கிடைக்கும்.

நாங்கள் முடிவு செய்தது இப்படி: உயிரோடு இருக்கிற வாத்தியார்கள், உதவி செய்தவர்கள் எல்லாருக்கும் நிஜப் பெயர், பக்கத்தைக் காட்டிய பிறகு. வட்டிக்கடைக்காரருக்குப் பெயரும் மாறும், கடை இருந்த தெருவும் மாறும். ஊருணிக் கணக்கை ‘என் அப்பா சொல்லக் கேட்டது’ என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுவது, அப்பா அந்தப் பஞ்சாயத்தில் உறுப்பினராக இருந்ததையும் சேர்த்து. கேட்டதைக் கேட்டதாக எழுதினால் பொறுப்பு விலகிவிடாதுதான். ஆனால் படிக்கிறவருக்கு எவ்வளவு நம்பலாம் என்பதாவது தெரியும். மில்காரர் பெயரை மகனிடம் கேட்காமல் போடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். மில் ஓடவில்லை. மகனுக்கு அறுபது வயதிருக்கும், தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டார். தலைமையாசிரியர் படிக்கும்போது குரல் நடுங்கியது. சுவர் விஷயம் வந்தபோது மகன் தலையைத் திருப்பி அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பணம் கொடுத்த பகுதி வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

“அப்பா பேரை அப்படியே போடுங்க சார். சுவரு ஊருக்கே தெரிஞ்சதுதான். ஆனா அது புல்லட் இல்ல, ராஜ்தூத்.”

கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர், தாளைத் திருப்பி மறுபடி எதையோ தேடினார். முதல் பத்தியில், மில்லுக்குப் பின்கட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போகிற இடத்தில், கல்யாணமான மூன்றாம் மாதமே திரும்பி வந்துவிட்ட தங்கை என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது.

“இதை மட்டும் எடுத்துடுங்க. அத்தை இன்னும் உள்ளதான் இருக்கு. கண்ணாடி போட்டுக்கிட்டு எல்லாத்தையும் படிக்கும்.”

பெயரைப் பற்றி மூன்று மாதம் பேசியிருந்தோம். அந்த வரியில் பெயர் எதுவும் இல்லை. ‘மில்காரரின் தங்கை’ என்றுதான் இருந்தது.